டோபமைன் குறைவு என்றால் டோபமைனையே ஏன் கொடுப்பதில்லை?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது: அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். மூளையில் டோபமைன் குறைந்துவிட்டது என்றார் டாக்டர். ஆனால் சீட்டில் எழுதியிருப்பது லெவோடோபா, கார்பிடோபா. இரண்டும் ஒன்றா? இல்லையென்றால் குறைந்த பொருளையே கொடுக்காமல் வேறெதையோ ஏன் கொடுக்கிறார்கள்? ஆன்லைனில் 'இயற்கை டோபமைன்' என்று விற்கும் பூனைக்காலி விதைப் பொடியை இதோடு சேர்த்துக் கொடுக்கலாமா? கேள்விகள் மூன்றானாலும், மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான். லெவோடோபா உடலின் எந்த இடத்தில் டோபமைனாக மாறுகிறது? மூளைக்குள் மாறினால் அது மருந்து, வெளியே மாறினால் பக்கவிளைவு. மருந்தியல் படித்து அதையே கற்பித்து வருபவன் என்ற முறையில், எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியும். அப்பாவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை மட்டும் அவரை நேரில் பார்க்கும் நரம்பியல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

டோபமைன் ஒரு நரம்புக்கடத்தி. ஒரு நரம்புசெல்லின் நுனியிலிருந்து வெளிவந்து, மிகச் சிறிய இடைவெளியைக் கடந்து, அடுத்த செல்லின் ஏற்பியில் போய் ஒட்டிச் செய்தி சொல்லும். வேலை முடிந்ததும் பழைய செல்லே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், அல்லது என்சைம்கள் உடைத்துவிடும். லெவோடோபா ஓர் அமினோ அமிலம். டோபமைன் ஏற்பிகளை அது நேரடியாகத் தூண்டுவதில்லை. உணவிலிருந்து வரும் ஃபினைல்அலனினை உடல் டைரோசினாக மாற்றுகிறது, டைரோசினை லெவோடோபாவாக மாற்றுகிறது, லெவோடோபாவை டோபமைனாக மாற்றுகிறது. ஆக, லெவோடோபா அந்நியப் பொருள் இல்லை. உங்கள் மூளையிலும் என் மூளையிலும் இந்த நிமிடம் உருவாகி, உருவான வேகத்திலேயே டோபமைனாகிக்கொண்டிருக்கிறது. அந்தக் கடைசிப் படியில் நடப்பது ஒரு சின்ன வெட்டுதான். மூலக்கூறின் வாலில் இருக்கும் கார்பாக்சில் தொகுதி கார்பன் டை ஆக்சைடாகக் கழன்று போகிறது. லெவோடோபாவின் மூலக்கூறு எடை சுமார் 197, டோபமைனுடையது சுமார் 153. இடையில் குறையும் 44 அந்தக் கார்பன் டை ஆக்சைடின் எடை.

இந்த வால் இருக்கிறதா இல்லையா என்பதுதான் உங்கள் முதல் கேள்விக்கான விடை. மூளையின் இரத்தக் குழாய்களின் உட்சுவரில் செல்கள் இடைவெளியில்லாமல் இறுகப் பிணைந்திருக்கின்றன. இரத்த-மூளைத் தடுப்பு என்பது இதுதான். கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறுகள் இதன் வழியே ஊடுருவிவிடும். டோபமைன் அப்படிக் கரைவதில்லை. உடலின் அமிலகார நிலையில் அது மின்னேற்றத்தோடு இருக்கும், அதைச் சுமந்து உள்ளே விடும் கடத்திப் புரதமும் அங்கே கிடையாது. அமினோ அமிலங்கள் மூளைக்குத் தேவை என்பதால் அவற்றுக்கென்று தனிக் கடத்தி இருக்கிறது. லூசின், ஃபினைல்அலனின், டிரிப்டோஃபான் போகும் அதே வழியில், வாலோடு இருக்கும் லெவோடோபாவும் அமினோ அமிலமாகவே உள்ளே நுழைகிறது. நெல்லை உள்ளே விட்டு அரிசியைத் தடுக்கும் வாசல் என்று வைத்துக்கொள்ளலாம்: உமி போக வேண்டும்தான், ஆனால் வாசலைத் தாண்டிய பிறகு போக வேண்டும்.

டோபமைனை விழுங்கினால் மூளை இருக்கட்டும், இரத்த ஓட்டத்துக்கே சரியாக வந்து சேராது. குடல் சுவரிலும் கல்லீரலிலும் இருக்கும் என்சைம்கள் உடைத்துவிடும். வாழைப்பழத்தில், குறிப்பாக அதன் தோலில், டோபமைன் இருப்பது உண்மை. அதைச் சாப்பிட்டால் மூளையில் டோபமைன் ஏறும் என்பது உண்மை இல்லை. ஊசியாகக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். டோபமைன் ஊசி இருக்கிறது, தீவிர சிகிச்சைப் பிரிவில் பயன்படுத்துகிறார்கள். இரத்த அழுத்தம் சரிந்து போனவருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 2 முதல் 20 மைக்ரோகிராம் வரை, பம்ப் மூலம் இரத்த நாளத்தில் விடாமல் ஏற்றுவார்கள். இரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் 2 நிமிடம் என்பதால் பம்ப் நின்றால் வேலையும் நின்றுவிடும். அது இதயத்திலும் இரத்தக் குழாயிலும் வேலை செய்யும் மருந்து. அந்த ஊசியால் பார்க்கின்சன் நோயாளியின் கை விறைப்பு தளராது. அங்கேயும் அதன் இடம் இப்போது சுருங்கிவிட்டது. 2010-இல் வெளியான 1,679 நோயாளிகள் கொண்ட ஆய்வில், இரத்த அழுத்தத்தை ஏற்றும் இன்னொரு மருந்தான நார்அட்ரினலினோடு ஒப்பிட்டபோது டோபமைன் பெற்றவர்களுக்கு இதயத் துடிப்புக் கோளாறுகள் அதிகமாக வந்தன. ஆகவே 'ஐசியூவில் டோபமைன் போட்டார்கள்' என்று யாராவது சொன்னால், உங்கள் அப்பாவின் நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதெல்லாம் ஏட்டுக் கணக்காக முதலில் வந்ததில்லை. 1957-இல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தார். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்த மருந்து அது. மூளையின் டோபமைன் சேமிப்பைக் காலி செய்துவிடும். முயல்கள் காது தொங்க, அசையாமல் கிடந்தன. லெவோடோபா செலுத்தியதும் சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. மூன்று ஆண்டுகள் கழித்து, வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும் பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதை அளந்து காட்டினார்கள். 1961-இல் பிர்க்மாயரோடு சேர்ந்து ஹார்னிகீவிச் லெவோடோபாவை நோயாளிகளுக்கு இரத்த நாளம் வழியே செலுத்தினார். சில மணி நேரத்துக்கு நல்ல பலன் தெரிந்தது. 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் வாய்வழியாக, மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கிராம் கணக்கில் ஏற்றிக் கொடுத்தபோதுதான் இது அன்றாடம் பயன்படும் சிகிச்சையானது. முதலில் அவர் கொடுத்தது இடவகை, வலவகை மூலக்கூறுகள் இரண்டும் கலந்த டோபா. சிலருக்கு இரத்த வெள்ளையணுக்கள் குறைந்ததால், உடல் டோபமைனாக மாற்றக்கூடிய இடவகைக்கு மட்டும் மாறினார். இன்றைய மாத்திரையில் இருப்பது அந்த ஒன்றுதான். கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் காலத்து நோயாளிகள் நாளொன்றுக்குப் பல கிராம் லெவோடோபா விழுங்கினார்கள், குமட்டலில் தவித்தார்கள். காரணம், வாலை வெட்டும் என்சைம் மூளையில் மட்டும் இல்லை. குடல், கல்லீரல், சிறுநீரகம், இரத்தக் குழாய்ச் சுவர் எங்கும் இருக்கிறது. தனியாக லெவோடோபா கொடுத்தால் மூளைக்கு மாறாமல் போய்ச் சேர்வது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். மற்றதெல்லாம் வழியிலேயே மாறிவிடும். வெளியே உருவான டோபமைன் உள்ளே நுழைய முடியாமல் வயிற்றையும் இரத்தக் குழாயையும் படுத்தும். கார்பிடோபா இதற்குத்தான். அது அந்த வெட்டும் என்சைமைத் தடுக்கும் மருந்து, ஆனால் தானே மூளைக்குள் போகாது. ஆக வெளியே மாற்றம் நிற்கும், உள்ளே மாற்றம் நடக்கும். இதைச் சேர்த்ததால் தேவைப்படும் லெவோடோபா சுமார் 75 சதவீதம் குறைந்தது. மருந்தியலில் இவ்வளவு நேர்த்தியான ஜோடி மிக அரிது என்பது என் எண்ணம். கார்பிடோபாவைத் தனியாகக் கொடுத்தால் பார்க்கின்சனுக்கு எந்தப் பலனும் இல்லை. பென்செராசைட் என்ற இன்னொரு மருந்தும் இதே வேலையைச் செய்யும்.

இங்கேதான் பல வீடுகளில் கவனிக்காமல் விடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அப்பாவின் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். 110, 125, 275 என்று ஏதாவது ஒரு எண் இருக்கும். 110 என்றால் 100 மில்லிகிராம் லெவோடோபா, 10 மில்லிகிராம் கார்பிடோபா. 125 என்றால் 100-உம் 25-உம். 275 என்றால் 250-உம் 25-உம். உடலின் வெளிப்பகுதி என்சைமை ஓரளவு முழுமையாக அடக்க நாளொன்றுக்குச் சுமார் 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா வேண்டும். இப்போது கணக்குப் போடுங்கள். 110 மாத்திரை தினம் மூன்று வேளை என்றால் கார்பிடோபா 30 மில்லிகிராம்தான். அதே மூன்று வேளை 125 என்றால் 75. இரண்டிலும் லெவோடோபா 300 மில்லிகிராம்தான், ஆனால் முதல் வகையில் குமட்டல் அதிகம், மூளைக்குப் போவது குறைவு. கடையில் '125 இல்லை, 110 தரட்டுமா, கிட்டத்தட்ட அதுதான்' என்று சொன்னால் வாங்கிவிடாதீர்கள். புதிதாக மருந்து தொடங்கியவர் வாந்தி வருகிறது என்று நிறுத்திவிடுவதற்கு இந்த விகிதமே பல நேரம் காரணம். அட்டையைக் காட்டி, கார்பிடோபா போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

குமட்டலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வாந்தியைத் தூண்டும் மையம் மூளைத்தண்டில் இருந்தாலும், அந்த இடத்தில் மட்டும் இரத்த-மூளைத் தடுப்பு இறுக்கமாக இல்லை. அதனால் இரத்தத்தில் சுற்றும் டோபமைன் அதைத் தொட்டுவிடும். இதற்கு டோம்பெரிடோன் ஏற்ற மருந்து. அது வாந்தி மையத்தின் டோபமைன் ஏற்பியை அடைக்கும், ஆனால் மூளையின் உட்பகுதிக்கு அதிகம் போகாது. இதயத் துடிப்பின் மின்னியக்கத்தை அது பாதிக்கக்கூடும் என்பதால் வயதானவர்களுக்கு ஈசிஜி பார்த்து, குறைந்த அளவில், டாக்டர் சொல்லும் நாள்வரைக்கும்தான் கொடுக்க வேண்டும். மெட்டோகுளோப்ரமைடும் புரோகுளோர்பெராசினும் நேர் எதிர். இரண்டும் மூளைக்குள் போய் அங்கேயே டோபமைன் ஏற்பியை அடைத்துவிடும். நடுக்கமும் விறைப்பும் கூடும். பக்கத்துத் தெரு கிளினிக்கில் வாந்திக்கோ தலைசுற்றலுக்கோ ஊசி போடும்போது கொடுக்கப்படுபவை பெரும்பாலும் இவைதான். 'இவருக்குப் பார்க்கின்சன், லெவோடோபா சாப்பிடுகிறார்' என்று ஒரு சீட்டில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.

லெவோடோபா அமினோ அமிலம் என்பதால் அமினோ அமிலங்களின் தொல்லைகளும் அதற்கு உண்டு. சிறுகுடலின் மேற்பகுதியில்தான் உறிஞ்சப்படும். அங்கேயும் மூளை வாசலிலும், உணவின் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களோடு போட்டியிட வேண்டும். காலையில் ஒரு டம்ளர் பாலோடு மாத்திரை விழுங்கி, உடனே சாம்பாரும் முட்டையுமாகச் சாப்பிட்டவருக்குப் பதினொரு மணி வரை கால் நகரவில்லை என்றால் மாத்திரை தவறானது என்று பொருளில்லை. வெறும் தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, அல்லது சாப்பிட்டு ஒன்றரை இரண்டு மணி கழித்துக் கொடுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் குமட்டினால் இரண்டு பிஸ்கட்டோ கொஞ்சம் பொரியோ சேர்க்கலாம்; மாவுச்சத்து போட்டி போடாது. நோய் முற்றி, ஒவ்வொரு வேளையின் பலனும் துல்லியமாகத் தெரியும் கட்டத்தில் பருப்பு, பால், தயிர், மீன், முட்டையை இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளுவது சிலருக்கு உதவும். ஆனால் புரதத்தையே நிறுத்திவிடக் கூடாது. இந்த நோயில் உடல் எடை தானாகவே குறையும், தசையும் கரையும்.

இரும்புச் சத்து மாத்திரை லெவோடோபாவோடு பிணைந்துகொண்டு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மலச்சிக்கலையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வயிறு காலியாவது தாமதமானால் மாத்திரை குடலுக்குப் போவதும் தாமதமாகும், 'இன்றைக்கு மருந்து பிடிக்கவே இல்லை' என்பார். வைட்டமின் பி6 பற்றிப் பழைய எச்சரிக்கை ஒன்று உலவுகிறது. வால் வெட்டும் என்சைமுக்குத் துணைப்பொருள் பி6தான். கார்பிடோபா இல்லாமல் லெவோடோபா கொடுத்த காலத்தில், பி6 கூடினால் வெளியே மாற்றம் கூடி மருந்தின் பலன் போய்விடும். கார்பிடோபா சேர்ந்த மாத்திரைக்கு வழக்கமான பி காம்ப்ளெக்ஸ் அளவு பிரச்சினை தராது. மெல்ல வெளியாகும் வகை மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. அந்த வகையிலிருந்து உடலுக்குக் கிடைப்பது சாதாரண வகையைவிடச் சுமார் முப்பது சதவீதம் குறைவு, ஆகவே ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை நீங்களாக மாற்றவும் கூடாது. சிறுநீரும் வியர்வையும் சிவந்தோ கருத்தோ தெரிந்தால் பயப்பட வேண்டாம், மருந்தின் நிறம்தான் அது. எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் அதைக் கவனியுங்கள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் இரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள், குறிப்பாக அவர் பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால்.

இதுவரை சொன்னவற்றில் ஐயமில்லை. மூளைக்குள் நுழைந்த பிறகு நடப்பதில்தான் கேள்விகள் மிச்சமிருக்கின்றன. டோபமைன் நரம்புசெல்கள் ஓரளவு உயிரோடு இருக்கும் ஆரம்ப ஆண்டுகளில், அவை லெவோடோபாவை வாங்கி, டோபமைனாக்கி, சேமித்து, தேவைக்கேற்ப விடுகின்றன. கார்பிடோபாவோடு சேர்ந்தும் இரத்தத்தில் லெவோடோபாவின் அரை ஆயுள் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். இருந்தும் நோயாளி நாள் முழுதும் சீராக இருப்பது இந்தச் சேமிப்பால். செல்கள் குறையக் குறையச் சேமிப்பும் போகும். அப்போது ஒவ்வொரு வேளையும் மருந்து வேலை செய்யும் 'ஆன்', செய்யாத 'ஆஃப்' என்று ஏறி இறங்கும். ஏறும்போது கட்டுப்படாத அசைவுகள் வரும். டோபமைன் செல்கள் போன இடத்தில் செரடோனின் செல்கள் லெவோடோபாவை டோபமைனாக மாற்றி, திரும்ப உறிஞ்சும் வசதி இல்லாமல் கண்டபடி வெளியே விடுவதுதான் இந்த அசைவுகளுக்குக் காரணம் என்கிறது ஒரு விளக்கம். எலிகளில் இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மனிதரில் இது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. எப்படியானாலும் இது முன்னோடிப் பொருளுக்கே உரிய குறை: நாம் கொடுப்பது மூலப்பொருள், எந்த செல், எப்போது, எவ்வளவு வெளியிடும் என்பது நம் கையில் இல்லை. அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யத்தான் என்டகபோன், ரசாஜிலின் போன்ற மருந்துகளைச் சேர்க்கிறார்கள்; டியூப் வழியாகக் குடலுக்குள் தொடர்ந்து செலுத்தும் ஜெல்லும் இருக்கிறது. பிராமிபெக்சோல் வேறு ரகம். அது டோபமைனும் இல்லை, முன்னோடியும் இல்லை. எந்த மாற்றமும் தேவைப்படாமல் ஏற்பியில் நேரடியாக ஒட்டும் மருந்து.

'இந்த மாத்திரை சில வருஷம்தான் பிடிக்கும், சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும்' என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். லெவோடோபா செல்களுக்கு நஞ்சாகுமோ என்ற கவலை விஞ்ஞானிகளுக்கும் இருந்தது. சோதனைக் குழாயில் வளர்த்த செல்களில் அப்படி நடப்பதைப் பார்த்திருந்தார்கள். 2004-இல் 361 புது நோயாளிகளிடம் 40 வாரம் நடந்த ஆய்வில், மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோதும் லெவோடோபா எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட நன்றாகவே இருந்தார்கள். ஆனால் அதே ஆய்வின் ஸ்கேன் முடிவுகள் எதிர்த்திசையில் இருந்ததால் குழப்பம் தீரவில்லை. 2019-இல் வந்த 445 பேர் கொண்ட ஆய்வு, நாற்பது வாரம் முன்னதாகத் தொடங்கியதால் நோயின் போக்கு மெதுவாகவும் இல்லை, வேகமாகவும் இல்லை என்று காட்டியது. மருந்து தாமதமாகக் கிடைக்கும் கானா நாட்டு நோயாளிகளை இத்தாலிய நோயாளிகளோடு ஒப்பிட்ட ஆய்வும் இருக்கிறது. அதன்படி, அந்த ஏற்ற இறக்கங்கள் வருவது நோயின் வயதையும் மருந்தின் அளவையும் பொறுத்தது. எத்தனை வருடம் மருந்து சாப்பிட்டார் என்பதைப் பொறுத்ததில்லை. ஆகவே அப்பா நடக்க முடியாமல் தவிக்கும்போது, பின்னால் வேண்டும் என்று மருந்தைப் பத்திரப்படுத்தி வைப்பதில் பயனில்லை. அதே சமயம், இது நோயைக் குணப்படுத்துவதில்லை, செல்கள் இறப்பதை நிறுத்துவதும் இல்லை. இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

இரத்தத்தில் டோபமைன் அளவு பார்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது மூளையின் அளவைச் சொல்லாது. தடுப்பு இருபக்கமும் தடுக்கிறது. மூளைக்குள் பார்க்க வேண்டுமென்றால் கதிரியக்க ஃப்ளூரின் ஒட்டிய டோபாவைச் செலுத்தி பெட் ஸ்கேன் எடுப்பார்கள். அங்கேயும் பயன்படுவது டோபமைன் இல்லை, முன்னோடிதான், இதே வாசல் காரணமாக. பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்த ஸ்கேன் தேவையில்லை; நரம்பியல் மருத்துவரின் பரிசோதனையும் மருந்துக்குக் கிடைக்கும் பலனுமே போதும். இன்னும் ஒரு படி பின்னால் போய் டைரோசின் சாப்பிட்டால் என்ன என்று கேட்டால், அதனால் பலன் கிடைக்காது. டைரோசினை லெவோடோபாவாக மாற்றும் என்சைம்தான் இந்தப் பாதையிலேயே மிக மெதுவானது, வழக்கமான உணவில் வரும் டைரோசினே அதற்குக் கிட்டத்தட்ட நிறைவு. அந்த மெதுவான படியைத் தாண்டி நிற்பதுதான் லெவோடோபாவின் பலம்.

இனி பூனைக்காலி. 'இயற்கை டோபமைன்' என்ற விளம்பரம் தவறு. அந்த விதையில் மருத்துவப் பயன் தருவது லெவோடோபா. மாத்திரையில் இருக்கும் அதே மூலக்கூறு. 1937-இல் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள், அது பார்க்கின்சனுக்கு மருந்தாவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே. காய்ந்த விதையில் பொதுவாக 4 முதல் 6 சதவீதம் வரை இருக்கும். ரகம், நிலம், பக்குவம் மூன்றையும் பொறுத்து மாறும். மேற்குத் தொடர்ச்சி மலையின் காணி மக்கள் இந்த விதையைத் தண்ணீரை மாற்றி மாற்றிப் பலமுறை வேகவைத்துத்தான் உண்கிறார்கள். ஒவ்வொரு கொதியிலும் லெவோடோபா தண்ணீரோடு போகும். பாலில் வேகவைத்துச் சுத்தி செய்த பொடியிலும் வெறும் அரைத்த பொடியிலும் அளவு ஒன்றாக இருக்காது. டப்பாவின் மேல் சதவீதம் அச்சிட்டிருந்தாலும் அடுத்த டப்பாவில் அதே அளவு இருக்கும் என்று நம்ப முடியாது.

அதைச் சேர்த்துக் கொடுப்பதில் உள்ள அபாயத்தைக் கணக்காகவே பார்க்கலாம். ஐந்து கிராம் பொடி, ஐந்து சதவீதம் என்று வைத்தால் 250 மில்லிகிராம் லெவோடோபா. கார்பிடோபா இல்லாமல் தனியாகச் சாப்பிட்டால், பெரும்பகுதி வெளியே வீணாகி, மாத்திரைக் கணக்கில் 60 மில்லிகிராம் அளவுக்குத்தான் வேலை செய்யும். குமட்டல் மட்டும் முழுசாக வரும். ஆனால் உங்கள் அப்பா ஏற்கெனவே கார்பிடோபா சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். அந்தக் கார்பிடோபா பொடியின் லெவோடோபாவையும் சேர்த்தே காப்பாற்றும். அதே ஸ்பூன் இப்போது ஒரு 275 மாத்திரையைக் கூடுதலாகப் போட்டதற்கு ஏறத்தாழச் சமம். 125 மூன்று வேளை சாப்பிடுபவருக்கு அது ஒரே தாவலில் ஒரு நாளின் அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். தெரியாமல் டாக்டர் அடுத்த முறை மாத்திரையை ஏற்றினால், கட்டுப்படாத அசைவு, குழப்பம், இல்லாத ஆட்கள் தெரிவது, எழுந்ததும் மயங்கி விழுவது எல்லாம் வரிசையாக வரும்.

பூனைக்காலி பலனற்றது என்றும் நான் சொல்லவில்லை. 2004-இல் லண்டனில் 8 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், 30 கிராம் பொடி மாத்திரையைவிட வேகமாகவும் சற்று நீண்ட நேரமும் பலன் தந்தது. 2017-இல் பொலிவியாவில் 18 பேரிடம் வறுத்த பொடியை ஒரு வேளை அளவில் சோதித்ததிலும் நல்ல முடிவு. அதே குழுவே பின்னர் 14 பேரிடம் வாரக்கணக்கில் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபோது, 7 பேர் வயிற்றுத் தொல்லையாலோ உடல் இயக்கம் மோசமானதாலோ பாதியில் விலகினார்கள். ஒரு வேளைப் பலனுக்கும் அன்றாடம் சாப்பிட்டு வாழ்வதற்கும் இடையிலான தூரம் இதில் தெரிகிறது. மாத்திரையே கிடைக்காத ஊர்களில் இந்த விதைக்கு ஒரு இடம் இருக்கலாம். அட்டையில் அளவு அச்சிட்ட மாத்திரை கையில் இருக்கும்போது, அளவு தெரியாத அதே மருந்தை அதன்மேல் கொட்டுவதற்கு நான் ஒரு காரணமும் காணவில்லை. பொடியில் லெவோடோபா தவிர வேறு பொருள்களும் பலன் தருகின்றனவா என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

நோயே இல்லாதவர் மனச்சோர்வுக்கோ உற்சாகத்துக்கோ இந்தப் பொடியை எடுப்பது பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். வேண்டாம். லெவோடோபா மனச்சோர்வுக்கான சிகிச்சை இல்லை. மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு அது நேர் எதிராக வேலை செய்யும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் டிரானில்சைப்ரோமின் போன்ற, தேர்ந்தெடுத்துத் தடுக்காத எம்ஏஓ (டோபமைனை உடைக்கும் ஒரு என்சைம்) தடுப்பான்களோடு சேர்ந்தால் இரத்த அழுத்தம் அபாயகரமாக எகிறும். குறுகிய கோண கண் அழுத்த நோய் உள்ளவர்களும் தொடக் கூடாது.

அப்பாவுக்கு ஏற்கெனவே பொடி கொடுக்கத் தொடங்கி சில வாரங்களாகிவிட்டது என்றால், இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே நிறுத்திவிடாதீர்கள். லெவோடோபா எந்த வடிவில் போனாலும் திடீரென்று நின்றால் கடும் விறைப்பு, அதிகக் காய்ச்சல், நினைவு தடுமாற்றம் வரலாம். அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. இதே காரணத்துக்காக, அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னாலும், மருத்துவமனையில் சேர்த்தாலும், வேளை மாத்திரை எப்படிக் கொடுக்கப் போகிறீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். விழுங்க முடியாவிட்டால் சாதாரண வகை மாத்திரையைக் கரைத்து மூக்கு வழி டியூபில் கொடுக்க முடியும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது பொடி டப்பாவையும் மாத்திரை அட்டையையும், ஒரு வாரத்துக்கு எத்தனை மணிக்கு மருந்து, எத்தனை மணிக்குச் சாப்பாடு, எத்தனை மணிக்கு நன்றாக நடந்தார், எப்போது விறைத்தார் என்று எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தத் தாளையும் டப்பாவையும் வைத்துப் பொடியை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது, மாத்திரையை எவ்வளவு மாற்றுவது என்று அவர் கணக்கிட முடியும்.